காலையில் கிளம்பாத கார்: பழைய இன்ஜெக்ஷன் கார்களின் முதல் ஸ்டார்ட் சிக்கலும் அதற்கான விளக்கங்களும்

கேள்வி

பகலில் எத்தனை முறை நிறுத்தி எடுத்தாலும் சாவியைத் திருப்பிய மாத்திரத்தில் கிளம்பும் கார், இரவு முழுக்க நின்றபின் காலையில் மட்டும் ஏன் முரண்டு பிடிக்கிறது? செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது. ஆனால் மூன்றாவது, நான்காவது முயற்சியில்தான் இன்ஜின் பிடிக்கிறது. பிடித்த பிறகும் ஒரு நிமிடம் நடுங்கி, பின் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடுகிறது. கார்புரேட்டர் காலத்திலிருந்து கேட்கப்பட்டுவரும் இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு தலைமுறை மெக்கானிக்கும் ஒவ்வொரு விடை வைத்திருந்தார். பேட்டரி, பிளக், பம்ப், சென்சார், இப்போது எத்தனால் என்று விடைகளின் பட்டியல் நீண்டுவிட்டது. எந்த விடை எந்தச் சூழலில் பிறந்தது, எங்கே அது பொருந்தாமல் போகிறது என்பதைத் தொகுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சேலம் மாவட்டத்தில் ஆத்தூருக்குத் தெற்கே, பச்சைமலைக்கு அருகிலுள்ள சமவெளியில் இருக்கும் கெங்கவல்லி போன்ற ஊர்களில் இந்தக் கேள்வி பழங்கதையாகிவிடவில்லை. 2010 ஏப்ரலில் பி.எஸ். 4 மாசு விதி சென்னை உள்ளிட்ட 13 பெருநகரங்களில் மட்டும் நடைமுறைக்கு வந்தது. சேலம் அந்தப் பட்டியலில் இல்லை. பெருநகரங்களில் விற்பனை நின்ற மாருதி 800, மற்ற ஊர்களில் 2014 ஜனவரியில் உற்பத்தி முடியும்வரை விற்றது. நாடு முழுவதற்கும் பி.எஸ். 4 வந்தது 2017 ஏப்ரலில்தான். டெல்லியில் பேசப்படுவதுபோல் வயதை மட்டும் வைத்து வண்டியை ஒதுக்கும் தடை தமிழ்நாட்டில் இல்லை. 15 ஆண்டு முடிந்த சொந்தக் காரைப் பதிவு புதுப்பித்து ஓட்டலாம். ஆகவே 800, ஆம்னி, ஜென், எஸ்டீம், சான்ட்ரோ, ஐகான் போன்ற முதல் தலைமுறை எம்.பி.எஃப்.ஐ. (இன்ஜெக்ஷன்) வண்டிகள் சிற்றூர்களில் இன்னும் ஓடுகின்றன. இவற்றைப் பற்றியதே இந்த ஆய்வு.

சோக்கிலிருந்து கம்ப்யூட்டர் வரை

பெட்ரோல் பலவகைப் பொருள்களின் கலவை. அதில் எளிதில் ஆவியாகும் பகுதியும் உண்டு, சூடு பட்டால்தான் ஆவியாகும் பகுதியும் உண்டு. இன்ஜினுக்குள் எரிவது ஆவி மட்டுமே. ஆறிய இன்ஜினில் தெளிக்கப்படும் பெட்ரோலில் ஒரு பகுதி உலோகச் சுவர்களில் ஈரமாக ஒட்டிக்கொள்கிறது. எரியத் தேவையான ஆவி கிடைக்க வேண்டுமானால் வழக்கத்தைவிட அதிகம் பெட்ரோல் கொடுத்தாக வேண்டும். கார்புரேட்டர் வண்டியில் இந்த வேலையைச் செய்தது சோக். அதை எப்போது இழுப்பது, எப்போது தள்ளுவது என்பது ஓட்டுநரின் கைப்பழக்கம். ஸ்டார்ட் செய்யும் முன் ஆக்சிலரேட்டரை இரண்டு மூன்று முறை மிதிப்பதும் அப்போது பயனுள்ள பழக்கமே. ஒவ்வொரு மிதிக்கும் கார்புரேட்டரின் சிறிய பம்ப் ஒரு பீச்சு பெட்ரோலை உள்ளே அனுப்பியது.

1967இல் ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் வோக்ஸ்வாகன் கார்களுக்குக் கொடுத்த டி-ஜெட்ரானிக் மின்னணு இன்ஜெக்ஷனிலும், 1973இல் வந்த கே-ஜெட்ரானிக்கிலும் குளிர் ஸ்டார்ட்டுக்கென்றே தனியாக ஒரு இன்ஜெக்டர் பயன்பட்டது. கூலன்ட்டின் சூட்டை உணரும் ஒரு சுவிட்ச், அந்தக் கூடுதல் இன்ஜெக்டரைச் சில விநாடிகள் மட்டும் தெளிக்கவிட்டு நிறுத்திவிடும். 1979இல் வந்த மோட்ரானிக், எரிபொருளையும் இக்னிஷனையும் ஒரே கம்ப்யூட்டரின் கீழ்க் கொண்டுவந்தது. அந்த வழியில் வந்த பிற்கால அமைப்புகளில் தனி இன்ஜெக்டர் தேவையற்றுப் போனது, இ.சி.யு. எனப்படும் கட்டுப்பாட்டுப் பெட்டி, வழக்கமான இன்ஜெக்டர்களையே கூடுதல் நேரம் திறந்து வைத்தது.

இந்தியாவில் 1995இல் நான்கு பெருநகரங்களில் ஈயமில்லாப் பெட்ரோலும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் அறிமுகமாயின. 2000இல் ‘இந்தியா 2000’ மாசு விதி நாடெங்கும் வந்தது. இதையொட்டிய சில ஆண்டுகளில் கார்புரேட்டர் பின்வாங்க, எம்.பி.எஃப்.ஐ. பரவலானது. சோக் நெம்புகோல் மறைந்தது. எவ்வளவு பெட்ரோல் கூடுதலாக வேண்டும் என்ற முடிவு ஓட்டுநரின் கையிலிருந்து கூலன்ட் சென்சார் ஒன்றின் கணக்குக்கு மாறியது. இன்றைய விளக்கங்களில் சில இந்த மாற்றத்துக்கு முன் பிறந்தவை, சில பின் பிறந்தவை. அவற்றுக்கிடையேயான பிணக்கும் பெரும்பாலும் அங்கிருந்தே தொடங்குகிறது.

சமவெளியின் குளிர் எவ்வளவு?

குளிர் ஸ்டார்ட் பற்றிய நூலறிவின் பெரும்பகுதி பனி பெய்யும் நாடுகளிலிருந்து வந்தது. பேட்டரியின் ஸ்டார்ட் திறனையே அங்கு மைனஸ் 18 டிகிரியில் அளந்து குறிக்கிறார்கள். அந்தக் குளிரில் ஆயில் கெட்டியாகும், பேட்டரி தளரும், பெட்ரோல் ஆவியாகத் தயங்கும். மூன்றும் ஒருசேரத் தாக்குவதால் சிக்கல் எழுவதை விளங்கிக்கொள்வது எளிது.

சேலம் நாமக்கல் சமவெளியில் மார்கழி, தை மாத விடியலில் வெப்பநிலை பொதுவாக 20 டிகிரியை ஒட்டியே இருக்கும். பத்துக்குக் கீழே இறங்குவது வழக்கமில்லை. 20 டிகிரியில் ஆரோக்கியமான பெட்ரோல் இன்ஜின் கிளம்ப எந்தத் தடையும் இருக்கக் கூடாது. ஆகவே இங்கே விளக்கம் தேவைப்படுவது குளிருக்கு அன்று. எட்டு, பத்து மணி நேர ஓய்வுக்கு. அந்த நேரத்தில் காருக்குள் எது மாறுகிறது? சூடு இறங்குகிறது. பெட்ரோல் குழாயின் அழுத்தம் இறங்குகிறது. பேட்டரி சிறிது இறங்குகிறது. மழைக்காலத்தில் ஈரம் ஏறுகிறது. கீழே வரும் ஒவ்வொரு விளக்கமும் இந்த நான்கில் ஒன்றைப் பிடித்துக்கொள்கிறது என்று சொல்லலாம்.

இந்தப் பகுதிக்கே உரிய இன்னொரு சூழலும் உண்டு. நாமக்கல், சங்ககிரி வட்டாரம் லாரித் தொழிலுக்குப் பெயர்பெற்றது. பட்டறை அறிவின் பெரும்பகுதி டீசலைச் சார்ந்து வளர்ந்தது. டீசல் இன்ஜின் அழுத்தச் சூட்டால் எரிவது. காலையில் கிளம்பாவிட்டால் ஹீட்டரையும் கம்பரஷனையும் பார்ப்பது அங்கு முறையானது. பெட்ரோல் இன்ஜெக்ஷனுக்கு அந்த வரிசையை அப்படியே பொருத்தினால் தேடல் தவறான இடத்தில் தொடங்கக்கூடும்.

முதல் விளக்கம்: பேட்டரியும் பிளக்கும்

மிகப் பழைய விடை இதுவே: கரண்ட் போதவில்லை. நன்றாகச் சார்ஜ் ஏறி ஓய்ந்திருக்கும் பேட்டரி 12.6 வோல்ட் காட்ட வேண்டும். செல்ஃப் சுற்றும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது என்பது பட்டறைகளில் ஒப்புக்கொள்ளப்பட்ட அளவு. இன்ஜெக்ஷன் காரில் இதற்குக் கூடுதல் முக்கியத்துவம் உண்டு. செல்ஃப் மோட்டார் கரண்டை இழுக்கும் அதே நொடியில் இ.சி.யு., பெட்ரோல் பம்ப், காயில், இன்ஜெக்டர் அனைத்தும் மிச்சமுள்ளதைப் பங்கிட்டுக்கொள்கின்றன. செல்ஃப் சுற்றுவதால் பேட்டரி நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது.

வெப்பமண்டலத்தில் பேட்டரியைக் கெடுப்பது கோடைச் சூடு. உள்ளே தகடுகளின் அரிப்பைச் சூடு விரைவுபடுத்துகிறது. சித்திரையில் கெட்டது மார்கழியில் தெரியவருகிறது. அப்போது பழி குளிரின்மேல் விழுகிறது.

இந்த விளக்கத்துக்கு ஆதரவாக ஓர் அறிகுறியைச் சொல்வதுண்டு: செல்ஃப் சுற்றும்போது பிடிக்காத இன்ஜின், சாவியை விடும் நொடியில் பிடிக்கிறது. செல்ஃப் நின்றதும் வோல்ட்டேஜ் ஏறுவதால் இது நிகழலாம். சாவி சுவிட்சின் தேய்ந்த முனை, செல்ஃப் நிலையில் மட்டும் இக்னிஷனுக்குக் கரண்டை விடாததாலும் நிகழலாம். தேய்ந்த எர்த் ஒயரும் இதே விளைவைத் தரும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியும் நீண்ட பிளக் ஒயர்களும் உள்ள மாடல்களில், ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் விரிசல்களில் ஈரம் இறங்கிப் பொறி வழிதவறுவதும் அறியப்பட்டதே.

இதன் பலவீனம் எளிமையானது. பேட்டரி, பிளக் இரண்டும் மாற்றியபின்னும் காலைச் சிக்கல் தொடரும் வண்டிகள் ஏராளம். மேலும் ஈரமான பிளக் காரணமாக இல்லாமல் விளைவாகவும் இருக்கலாம். பெட்ரோல் அதிகமாகி பிளக் நனைந்த வண்டியில் பிளக்கை மாற்றினால் இரண்டு நாள் சரியாக இருந்துவிட்டு மறுபடி தொடங்கும்.

இரண்டாவது விளக்கம்: இரவில் இறங்கும் அழுத்தம்

எம்.பி.எஃப்.ஐ. வந்தபின் பிறந்த விடைகளில் இதுவே வலிமையானது. பழைய எம்.பி.எஃப்.ஐ. கார்களில் பெட்ரோல் குழாயின் அழுத்தம் ஏறத்தாழ 3 பார். இன்ஜின் நின்றபின்னும் இந்த அழுத்தத்தின் கணிசமான பகுதி குழாய்க்குள் தங்க வேண்டும். பம்பின் ஒருவழி வால்வு, பிரஷர் ரெகுலேட்டர், இன்ஜெக்டர்களின் நுனி ஆகிய மூன்றும் சேர்ந்தே அதைக் காக்கின்றன. மூன்றில் ஒன்று கசிந்தாலும் காலையில் குழாய் தளர்ந்திருக்கும்.

சாவியை ஆன் செய்ததும் பம்ப் இரண்டு மூன்று விநாடி ஓடி நிற்கும். அந்த நேரத்தில் வெறுமையான குழாய் முழுதாக நிரம்பாமல் போகலாம். ஆகவே செலவில்லாத ஒரு சோதனை பரவலாகச் சொல்லப்படுகிறது: செல்ஃப் அடிக்காமல் சாவியை ஆன் செய்து, பம்ப் ஓசை நின்றதும் ஆஃப் செய்ய வேண்டும். இதை மூன்று முறை செய்துவிட்டு ஸ்டார்ட் செய்தால் உடனே பிடிக்கிறதா? பிடித்தால் அழுத்தக் கசிவின்மேல் சந்தேகம் உறுதிப்படும்.

ஆனால் மூன்று கசிவுகளும் ஒன்றல்ல. பம்பின் வால்வில் கசிந்தால் பெட்ரோல் டேங்குக்கே திரும்பிவிடும். இன்ஜின் வறண்டு சுற்றும், வாடை வராது. இன்ஜெக்டரில் கசிந்தால் பெட்ரோல் இரவெல்லாம் சொட்டி உள்ளே தேங்கும். காலையில் வாடை அடிக்கும், பிடித்ததும் கரும்புகை வரும். ரெகுலேட்டரின் சவ்வு கிழிந்தால் அதன் வேக்குவம் குழாயைக் கழற்றும்போது உள்ளே பெட்ரோல் ஈரம் தெரியும். அழுத்த கேஜில் மூன்றும் ஒரே மாதிரி அழுத்த இறக்கமாகவே தோன்றும். பெட்ரோல் திரும்பிச் செல்லும் ரப்பர் குழாயை அடைத்து அழுத்தம் நின்றால் ரெகுலேட்டர், வரும் குழாயை அடைத்து நின்றால் பம்ப், இரண்டிலும் நிற்காவிட்டால் இன்ஜெக்டர் என்று பிரித்தறிவது மரபான முறை. அழுத்தத்தில் இருக்கும் பெட்ரோல் குழாயைக் கழற்றுவது தீ அபாயம் உள்ள வேலை என்பதால் அழுத்தத்தை முறையாக இறக்கிய பிறகே, பழகிய கையால் செய்யப்பட வேண்டும்.

இந்த விளக்கத்தின் குறை அதன் பயன்பாட்டில் இருக்கிறது. அழுத்தம் இறங்குகிறது என்றதும் பம்பை மாற்றுவது எளிய முடிவாகிவிடுகிறது. பம்ப் நல்ல நிலையில் இருக்க, குறை ரெகுலேட்டரிலோ இன்ஜெக்டரிலோ இருந்தால் புதிய பம்ப் எதையும் தீர்க்காது. தவிர, ஓரளவு அழுத்த இறக்கம் பழைய வண்டிகள் பலவற்றிலும் உண்டு. அவற்றில் பல சிக்கலின்றிக் கிளம்புகின்றன. கசிவு இருப்பது மட்டுமே காரணத்தை நிறுவிவிடாது.

மூன்றாவது விளக்கம்: கூலன்ட் சென்சாரின் கணக்கு

சோக் நெம்புகோலின் இடத்தில் அமர்ந்திருப்பது கூலன்ட் வெப்பநிலை சென்சார். சூடு ஏறினால் அதன் மின்தடை குறையும். பெரும்பாலான பழைய கார்களில் 20 டிகிரியில் 2,000 முதல் 3,000 ஓம் வரையும், 80 டிகிரியில் 300 ஓம் அளவிலும் காட்டும். இந்த ஒரு எண்ணைக் கொண்டே காலையில் எவ்வளவு பெட்ரோல் கூட்டுவது என்று இ.சி.யு. முடிவு செய்கிறது.

சென்சார் முற்றிலும் அறுந்துபோனால் இ.சி.யு. அதைக் கண்டுபிடித்து, எச்சரிக்கை விளக்கை எரியவிட்டு, ஒரு மாற்று மதிப்பை வைத்துக்கொள்ளும். சிக்கல் அறுந்த சென்சாரில் குறைவு. பாதி உண்மை சொல்லும் சென்சாரில் அதிகம். காலை 22 டிகிரியில் அது 50 டிகிரி என்று காட்டினால் அந்த மதிப்பு இயல்பான எல்லைக்குள் இருப்பதால் குறைக்குறியீடு பதிவாகாது. இ.சி.யு. சூடான இன்ஜினுக்குரிய பெட்ரோலையே தரும். இன்ஜின் வறண்டு சுற்றும். மாறாக, கனெக்டரில் பச்சை பிடித்து மின்தடை கூடினால் இ.சி.யு. கடுங்குளிர் என்று நம்பி அளவுக்கு மீறித் தெளிக்கும், பிளக் நனையும். ஒரே பாகத்தின் குறை இரண்டு எதிரெதிர் விளைவுகளைத் தரும் என்பது இந்த விளக்கத்தைக் கையாள்வதைச் சிக்கலாக்குகிறது.

உள்ளூர்ப் பழக்கங்கள் சில இங்கே சேர்கின்றன. கூலன்ட்டுக்குப் பதிலாக போர்வெல்லின் உப்புத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றுவதால் சென்சார் முனையில் படிவு ஏறலாம். இன்ஜின் சூடாகிறது என்ற புகாருக்குத் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடுவதும் தமிழ்நாட்டுப் பட்டறைகளில் பழகிய தீர்வு. அப்படிச் செய்தால் இன்ஜின் உரிய சூட்டை எட்டத் தாமதமாகும்; அதுவரை இ.சி.யு. கூடுதல் பெட்ரோலைத் தொடரும். பிளக்கில் கரி படியும். மறுநாள் காலை அதன் விளைவு தெரியும். கோடையின் தீர்வு குளிர்காலத்தின் நோயாக மாறும் இந்தத் தொடர்பு போதிய கவனம் பெறவில்லை எனத் தோன்றுகிறது.

நான்காவது விளக்கம்: காற்று

பெட்ரோலும் பொறியும் சரியாக இருந்தும் காற்று போதாமல் இன்ஜின் பிடிக்காமல் இருக்கலாம். கால் வைக்காத நிலையில் த்ராட்டில் ஏறத்தாழ மூடியிருக்கும். ஸ்டார்ட்டுக்குத் தேவையான காற்று ஐடில் வால்வின் சிறு வழியாகவே நுழைகிறது. பல ஆண்டுக் கரியும் ஆயில் பிசுக்கும் அந்த வழியை அடைத்தால், பகலில் தெரியாத குறை காலையில் தெரியும். ஆறிய இன்ஜினுக்கு அதிகக் காற்று வேண்டும்.

இந்த விளக்கத்தின் பலம், காலால் சோதிக்க முடிவது. ஆக்சிலரேட்டரைச் சிறிதளவு மிதித்தபடி செல்ஃப் அடித்தால் உடனே பிடிக்கிறது, காலை எடுத்தால் அணைகிறது என்றால் காற்றுவழியைச் சந்தேகிக்கலாம். முழுவதுமாக மிதித்தபடி செல்ஃப் அடிக்கும்போது பல இ.சி.யு.க்கள் பெட்ரோலை நிறுத்திவிடும். அப்போது பிடித்தால் உள்ளே பெட்ரோல் தேங்கியிருந்தது என்று பொருள். சாவியைத் திருப்பும் முன் பலமுறை மிதிப்பது மட்டும் இந்த வண்டிகளில் எதையும் செய்யாது.

த்ராட்டிலைச் சுத்தம் செய்வது மலிவான வேலை என்பதால் இது பலராலும் முதலில் பரிந்துரைக்கப்படுகிறது. ஆயினும் ஐடில் காலையில் தாழ்ந்தும் நடுங்கியும் இருக்கும் வண்டிகளுக்கே இது நன்கு பொருந்துகிறது. பிடித்தவுடன் ஐடில் சீராக இருக்கும் வண்டிக்கு இதைக் காரணமாகக் காட்டுவது கடினம்.

ஐந்தாவது விளக்கம்: எத்தனால்

அண்மையில் மிகுதியாகப் பேசப்படும் விடை இது. 10 சதவீத எத்தனால் கலப்பை நாடு 2022 ஜூனில் எட்டியது. 2023இல் 20 சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் விற்பனை தொடங்கி, 2025க்குள் ஏறத்தாழ எங்கும் பரவியது. 2000களின் கார்கள் இந்தக் கலப்பை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல.

வேதியியல் அடிப்படையில் இந்த ஐயத்துக்கு இடமுண்டு. எத்தனால் ஆவியாகப் பெட்ரோலைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு வெப்பம் வேண்டும். பெட்ரோல் முழுமையாக எரிய அதன் எடையைப்போல் 14.7 மடங்கு காற்று தேவை; எத்தனாலுக்கு 9 மடங்கு போதும்; இ20க்கு அது சுமார் 13.5. அதாவது பழைய கணக்கின்படி அதே அளவு தெளித்தால் கலவை ஏறத்தாழ 7 சதவீதம் மெலிந்துபோகும். ஓடும் வண்டியில் ஆக்சிஜன் சென்சார் இதைத் திருத்திவிடும். ஆனால் ஸ்டார்ட்டின்போது அந்த சென்சார் சூடாகியிருக்காது, இ.சி.யு. பழைய அட்டவணையை நம்பியே தெளிக்கும். திருத்துபவர் இல்லாத அந்தச் சில விநாடிகளே நம் கேள்விக்குரிய விநாடிகள்.

மறுபக்க வாதமும் வலுவானது. பிரேசிலில் 2015 முதல் சாதாரணப் பெட்ரோலிலேயே 27 சதவீத எத்தனால் இருந்தது. ஏறத்தாழ முழு எத்தனாலில் ஓடும் வண்டிகளுக்குத்தான் அங்கு குளிர் ஸ்டார்ட் சிக்கல் எழுந்தது. அதற்காகவே ஒரு சிறிய பெட்ரோல் டேங்கைத் தனியாக வைத்தார்கள். 20 டிகிரி விடியலில் 20 சதவீதக் கலப்பு மட்டுமே ஒரு நல்ல இன்ஜினை நிறுத்திவிடும் என்று சொல்ல அடிப்படை குறைவு. 2021இல் நிதி ஆயோக் வெளியிட்ட திட்ட அறிக்கை, எத்தனாலுக்கென வடிவமைக்காமல் 10 சதவீதத்துக்குச் சரிசெய்யப்பட்ட நான்கு சக்கர வண்டிகளில் இ20ஆல் 6 முதல் 7 சதவீத மைலேஜ் இழப்பை மதிப்பிட்டது; அங்கு விவாதத்தின் மையம் எரிபொருள் சிக்கனமும் பொருள்களின் தாங்குதிறனும்.

இந்த இரண்டையும் பொருத்திப் பார்த்தால் ஓர் இடைநிலை முடிவு பொருத்தமாகப் படுகிறது. எத்தனால் புதிய நோயை உண்டாக்குவதைக் காட்டிலும், ஏற்கெனவே இருந்த பலவீனத்தை மறைத்துவந்த இடைவெளியைச் சுருக்குகிறது. சற்றுத் தவறாகக் கணக்குச் சொல்லும் சென்சாரும், சற்றுக் கசியும் குழாயும் பழைய பெட்ரோலில் சமாளித்தன. 7 சதவீதம் மெலிந்தபின் சமாளிக்க முடியவில்லை. வாரக்கணக்கில் நிற்கும் வண்டியில் மட்டும் இன்னொரு வழியும் உண்டு: எத்தனால் ஈரத்தை ஈர்க்கும், தண்ணீர் ஓர் அளவைத் தாண்டினால் பிரிந்து டேங்கின் அடியில், பம்ப் உறிஞ்சும் இடத்திலேயே தேங்கும்.

ஒதுக்கக் கூடாத சிறு காரணங்கள்

கேஸ் கிட் பொருத்திய பழைய மாருதிகள் தனிவகை. பல கிட்டுகளில் வண்டி பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகிப் பிறகு கேஸுக்கு மாறும். டேங்கில் ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் மட்டும் வைத்திருப்பதால் பெட்ரோல் பழசாகிறது. பெட்ரோலில் மூழ்கிக் குளிர வேண்டிய பம்ப் வெறுமையில் ஓடிச் சூடாகிறது. பயன்படாத இன்ஜெக்டர் நுனியில் பிசின் கட்டுகிறது. வறண்ட வாயு வால்வு இருக்கையை விரைவாகத் தேய்ப்பதும் அறியப்பட்டதே; இடைவெளி குறைந்து வால்வு முழுதாக மூடாவிட்டால் கம்பரஷன் இறங்கும்.

தேய்ந்த ரிங், தவறிய டைமிங் பெல்ட் போன்றவையும் காலை ஸ்டார்ட்டைக் கெடுக்கும். ஆனால் அவை பகலிலும் இழுவைக் குறைவாகவும் ஆயில் புகையாகவும் தம்மைக் காட்டிக்கொள்ளும். பகலில் குறையற்று ஓடும் வண்டியில் இவற்றை முதலில் தேடுவதற்குக் காரணம் குறைவு.

கண்டறியும் முறைகளும் அவற்றின் எல்லையும்

காரணத்தைப் பற்றிய பிணக்கைப்போலவே முறையைப் பற்றியும் பிணக்கு உண்டு. முதல் முறை, பாகத்தை மாற்றிப் பார்ப்பது. பழைய 800களுக்கு உதிரிபாகம் மலிவாகவும் எளிதாகவும் கிடைத்த காலத்தில் இது நியாயமான சூதாட்டமே. ஆனால் கம்பெனிச் சரக்கு அல்லாத சென்சார்களின் மின்தடை மூலப்பாகத்தோடு ஒத்துப்போகாமல் இருக்கலாம். புதிய பாகம் போட்டும் சரியாகவில்லை என்பதால் அந்தப் பாகத்தின்மேல் இருந்த சந்தேகத்தைத் தவறு என்று முடிவு கட்ட முடியாது.

இரண்டாவது முறை, ஸ்கேனர். இதை முழுமையான தீர்ப்பாக ஏற்பது பழைய வண்டிகளில் பொருந்தாது. இந்தியாவில் ஓ.பி.டி. எனப்படும், காரே தன் குறையைக் கண்டறியும் அமைப்பு கட்டாயமானது 2010இல் பி.எஸ். 4 வண்டிகளோடுதான், அதன் இரண்டாம் கட்டம் 2013இல். அதற்கு முந்தைய கார்கள் சிலவற்றில் இரண்டு முனைகளை இணைத்து, எச்சரிக்கை விளக்கு எத்தனை முறை சிமிட்டுகிறது என்று எண்ணியே குறைக்குறியீடு படிக்க வேண்டும். மேலே கண்டபடி, கசியும் குழாய்க்கும் எல்லைக்குள் தவறும் சென்சாருக்கும் குறியீடே எழாது. ‘ஸ்கேனரில் ஒன்றும் இல்லை’ என்பது குறை இல்லை என்பதற்குச் சான்றாகாது.

ஆனால் நேரடி அளவுகளைக் காட்டும் வண்டியில் ஸ்கேனர் ஒரு நல்ல சோதனைக்கு உதவும். இரவு நின்ற காரில், ஸ்டார்ட் செய்யும் முன் கூலன்ட் சூடும் உள்வரும் காற்றின் சூடும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இருந்தால் ஒரு சென்சார் தவறுகிறது. நேரடி அளவு காட்டாத வண்டியில் மல்டிமீட்டரால் மின்தடையை அளந்தும் இதையே அறியலாம்.

மூன்றாவது முறை, அளந்து விலக்குவது. வோல்ட்டேஜ், சாவி மும்முறைச் சோதனை, ஆக்சிலரேட்டர் சோதனை, பிளக்கின் ஈரம், சென்சார் அளவு, கடைசியாக அழுத்த கேஜ் என்ற வரிசை, செலவு குறைந்ததிலிருந்து கூடியதை நோக்கிச் செல்கிறது. பிளக் ஈரமா வறட்சியா என்ற ஒரே கேள்வி காரணங்களில் பாதியை விலக்கிவிடும் என்பதால் அது இந்த வரிசையின் நடுத்தூண் எனலாம். இதன் எல்லை நேரத்தைச் சார்ந்தது. காலையில் தோன்றும் குறையுள்ள வண்டி, பட்டறைக்கு ஓடி வந்து சேரும்போது சூடாகிவிடுகிறது, குறை மறைந்துவிடுகிறது. ஒரு நாளில் ஒரு முறைதான் சோதனை செய்ய முடியும். நோயாளி மருத்துவரிடம் வரும்போதெல்லாம் காய்ச்சல் இறங்கிவிடுவதைப் போன்ற நிலை இது.

தீராமல் நிற்பவை

சில கேள்விகளுக்குத் தெளிவான விடை இன்னும் இல்லை. இருபது ஆண்டு பழைய கார்களின் ரப்பர் குழாய், ரெகுலேட்டர் சவ்வு, பம்ப் வால்வு ஆகியவை இ20இல் நீண்ட காலம் எப்படித் தேய்கின்றன என்பது அதில் முதன்மையானது. அந்தத் தேய்மானம் எத்தனால் வந்ததாலா, வயதாலா என்று தனித்தனியே பிரிப்பது பட்டறை அளவில் இயலாத காரியம். பல சிறு குறைகள் கூடி ஒரு பெரிய குறையாகும்போது எதை முதலில் திருத்தினால் போதும் என்பதற்கும் பொது விதி கிடையாது. குளிர்நாட்டு அளவுகோல்களை 20 டிகிரி விடியலுக்கு ஏற்ப மாற்றி எழுதிய தமிழ்க் கையேடுகள் பெருக வேண்டும் என்ற தேவையும் நிற்கிறது.

இவற்றைக் கருத்தில் கொண்டு சொல்லக்கூடியது இவ்வளவு: இந்தச் சமவெளியில் குளிரைத் தனிக் காரணமாகக் காட்டும் விளக்கம் பலவீனமானது. இரவில் இறங்கும் அழுத்தமும் காலையில் தவறும் சென்சார் கணக்கும் அறிகுறிகளோடு அதிகம் பொருந்துகின்றன. பேட்டரியும் காற்றுவழியும் முதலில் விலக்கப்பட வேண்டியவை. அவற்றைச் சோதிப்பது மலிவானது, எளியது. எத்தனாலைத் துணைக்காரணமாக ஏற்கலாம். முதல் குற்றவாளியாக்கப் போதிய சான்று இல்லை.

உரிமையாளருக்கு இதிலிருந்து கிடைக்கும் நடைமுறைப் பயன் ஒன்றுண்டு. காலையில் செல்ஃப் எவ்வளவு நேரம் சுற்றியது, பெட்ரோல் வாடை வந்ததா, புகை என்ன நிறம், ஆக்சிலரேட்டரை மிதித்தால் மாற்றம் இருந்ததா என்ற குறிப்புகளை மெக்கானிக்குக் கொடுக்க வேறு யாராலும் முடியாது. அவற்றை எழுதிக்கொண்டு, முந்தைய நாள் மாலையே வண்டியைப் பட்டறையில் விட்டு, காலை முதல் ஸ்டார்ட்டை மெக்கானிக்கே செய்யட்டும். அந்த முதல் ஸ்டார்ட்டைப் பார்க்காமல் எந்தப் பாகத்தையும் மாற்றச் சம்மதிக்க வேண்டியதில்லை.